உயிரோடிருப்பவர்களுக்கான மன்றாட்டு

பூமியில் நடக்கிற எதைப் பற்றியாவது உங்களுக்கு ஒரு கத்தோலிக்கப் பார்வை தேவைப்பட்டால், கொட்டாஞ்சேனையில் எங்கள் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்துக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் வாருங்கள். அங்கேதான் 'சமகாலச் சிந்தனைக்கான கத்தோலிக்கப் பார்வை மன்றம்' கூடுகிறது. சர்வதேச நாணய நிதியம், செயற்கை நுண்ணறிவு, புதிய அரசியலமைப்பு, மின்கட்டணம், கைத்தொலைபேசிக்கு முன்னால் ஆடுகிற பிள்ளைகள் என்று எல்லாவற்றைப் பற்றியும் எங்களிடம் பார்வை உண்டு. எதைப் பற்றியும் முடிவு கிடையாது. முடிவெடுப்பது அரசியல், பார்ப்பது மட்டுமே ஆன்மீகம் என்பது எங்கள் தலைவர் மொராயஸின் கொள்கை.

மொராயஸ் வங்கி மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கடன் கேட்டு வந்தவர்களை, இல்லை என்ற சொல்லை வாயில் எடுக்காமலே வெறுங்கையோடு அனுப்புவதில் பெயர் எடுத்தவர். போனவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்ட ஒருவர் திருச்சபைக்குக் கிடைத்தது அருள்தான்.

நான் வெள்ளவத்தையிலிருந்து பஸ் மாறி வருகிற ஓய்வுபெற்ற ஆசிரியன். எனக்கு எதிலும் சொந்தக் கருத்து இல்லை என்பதால் மன்றத்தில் எல்லோருக்கும் என்னைப் பிடிக்கும். தீர்மானங்களை வழிமொழிவது என் பொறுப்பு. வழிமொழிந்து முடிந்ததும் பக்கத்து ஹுசைன் கடையிலிருந்து மாட்டிறைச்சிப் பெட்டிஸும் பால் விடாத பிளேன்டியும் வரும். என்னுடைய விசுவாசம் அந்த நேரத்தில் மிகவும் உறுதியாக இருக்கும்.

இந்த மன்றத்துக்கு ஒரு விசேட அதிகாரமும் உண்டு. அது வந்த கதை இது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கம் முடிந்ததும் விசுவாசிகள் மன்றாட்டு வரும். முன்பெல்லாம் யாரும் எழுந்துபோய் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று தங்களுக்கு வேண்டியதை ஆண்டவரிடம் கேட்கலாம். ஒரு தேர்தல் காலத்தில் ஒரு விதவை எழுந்துபோய், "எங்கட அமைச்சருக்கு ஆண்டவர் நல்ல புத்தியைக் குடுக்க வேணும், அது ஏலாட்டி ஆளை மாத்த வேணும்" என்று கேட்டுவிட்டார். சனம் பழக்கதோஷத்தில் ஒரே குரலாக, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. முன்வரிசை வாங்கில் இருந்த அமைச்சரும் கைகூப்பிச் சேர்ந்து சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆண்டவருக்குத் தெரிந்திருந்தது. அமைச்சர் அந்தத் தேர்தலில் தோற்றார். அவர் தருவதாகச் சொன்ன கூரைத் தகடுகளும் வரவில்லை. கோயிலும் மண்டபமும் இன்றைக்கும் ஒழுகுகின்றன.

அன்றிலிருந்து, உயிரோடிருப்பவர்களுக்காக ஆண்டவரிடம் போகிற எந்த விண்ணப்பமும் முதலில் பார்வை மன்றத்தின் மேசைக்கு வந்துதான் போக வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

அந்த மேசைக்குத்தான் ஒரு வெள்ளிக்கிழமை இமெல்டா வந்து நின்றார். மண்டபத்துக்குப் பின் ஒழுங்கையில் இருக்கிறவர். இடியப்பம் அவித்து ஹுசைன் கடைக்குக் கொடுத்துச் சீவிக்கிறார். இடியப்பத் தட்டின் கோடுகள் கைவிரல்களில் பதிந்துபோய் இருக்கும்.

"சேர், என்ட மகன்ட பேரை மன்றாட்டுல ஒருக்கா வாசிக்க வேணும்."

"மகனுக்கு என்ன வருத்தம், காய்ச்சலோ?" என்று மொராயஸ் பரிவோடு கேட்டார்.

"வருத்தம் இல்ல சேர். அவனைப் பிடிச்சுக் கொண்டு போயிட்டாங்கள். யுத்த காலத்துல. வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நிண்டவன், கிருபாகரன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், சின்னன்ல இந்தக் கோயில்ல பூசைக்கு உதவி செய்தவன். மணியைப் பிந்தி அடிப்பான்."

மொராயஸுக்கு ஞாபகம் வந்தது தெரிந்தது. அதை அவர் உடனே மறைத்ததும் தெரிந்தது.

"அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஆக்கள் வாறாங்கள் சேர். மரணச் சான்றிதழ் எடுங்கோ, உதவி கிடைக்கும் எண்டு சொல்லுறாங்கள். நான் எடுக்கேல்ல. சவத்தைக் காட்டாம எப்பிடி எடுக்கிறது? இப்ப அவன்ட பேரைச் சொல்லுறது நான் ஒருத்திதான். என்ட மனுசன் இருந்தவரைக்கும் அவரும் சொன்னவர். எனக்கு நெஞ்சுல அடைப்பு எண்டு பெரியாஸ்பத்திரியில சொல்லிப்போட்டாங்கள். நான் போனா அந்தப் பேரைச் சொல்ல ஆளில்ல. கோயில்ல, சனத்துக்கு முன்னால, உயிரோட இருக்கிற ஆக்களோட சேத்து ஒருக்கா வாசிச்சாப் போதும்."

பிறகு மொராயஸ் எழுந்து நின்று சொன்னார்: "இது மிக முக்கியமான ஒரு சமகாலப் பிரச்சினை."

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. மன்றம் எதையாவது முக்கியமான பிரச்சினை என்று சொன்னால் அதற்குப் பிறகு அந்தப் பிரச்சினைக்கு விமோசனம் இல்லை. பங்குத்தந்தையைக் கேட்கலாம் என்றால் அவரும் ஊரில் இல்லை. மக்களின் குரலுக்குச் செவிமடுப்பது எப்படி என்ற சர்வதேச மாநாட்டுக்குப் போயிருந்தார். தொலைபேசியை அணைத்து வைத்திருந்தார்.

அடுத்த வெள்ளி விவாதம் தொடங்கியது. எங்கள் சிந்தனையாளர் பேராசிரியர் கொரேரா முதலில் பேசினார். தத்துவம் படிப்பித்தவர். கேட்கிறவர் நித்திரையாகும்வரை குரலை உயர்த்தாத மனிதர்.

"ஒரு பெயரை வாசிப்பது என்பது ஒரு நபரைத் தெரிவு செய்வது. தெரிவு என்பது அரசியல். கிறிஸ்து எல்லோருக்காகவும் மரித்தார். எவருடைய பெயரையும் குறிப்பிட்டு மரிக்கவில்லை. ஆகவே எவருடைய பெயரையும் சொல்லாமல் இருப்பதே நாம் எல்லோருக்கும் செய்யக்கூடிய உச்சபட்ச அன்பு. மேலும், ஆண்டவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்தவரிடம் போய்ப் பெயரைச் சொல்வது, அவருக்கு ஞாபகமறதி என்று குற்றம் சாட்டுவதாகாதா?"

"அப்ப வாற ஞாயிறு ஜனாதிபதிக்கு மன்றாடுறமே, பேர் சொல்லித்தானே?" என்று நான் வெறும் தகவலுக்காகக் கேட்டேன்.

"அது பெயர் இல்லை. அது பதவி," என்றார் கொரேரா.

நான் வழிமொழிந்தேன்.

இமெல்டா மண்டபத்தின் கடைசி வாங்கில், இடியப்பக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஏதாவது முடிவாகிவிட்டதா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பெட்டிஸ் வந்ததும் எல்லோரும் எழும்ப, முடிவாகிவிட்டது என்று நினைத்து அவரும் எழும்பினார்.

பெயர் வாசிக்கத்தான் வேண்டும் என்றால் சமநிலை வேண்டும் என்று மூன்றாவது வெள்ளி மொராயஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு தமிழ்ப் பெயர் வாசித்தால் ஒரு சிங்களப் பெயர், ஒரு முஸ்லிம் பெயர் சேர்த்து வாசிக்க வேண்டும். இல்லாவிட்டால் கோயில் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். சிங்களப் பெயர் ஒன்று நீர்கொழும்புப் பக்கம் கிடைத்தது. கடலுக்குப் போய்த் திரும்பாத ஒரு மீனவர். ஆனால் விசாரித்ததில் அவர் திரும்பி வந்து, இப்போது தெமட்டகொடையில் வேறு ஒரு மனைவியோடு நன்றாக இருந்தார். அவர் பெயரையும் வாசிக்கலாம் என்று கொரேரா சொன்னார். காணாமல் போனது அவருடைய முதல் மனைவிக்குத்தானே.

முஸ்லிம் பெயருக்காக ஹுசைனைக் கூப்பிட்டார்கள். பெட்டிஸ் தட்டோடு வந்த மனிதரை அப்படியே கதிரையில் இருத்தி, பல்சமயப் பார்வையாளர் என்று அறிமுகப்படுத்தினார்கள்.

"ஹுசைன், உங்கட குடும்பத்துல ஆராவது காணாமல் போயிருக்கினமா?" என்று மொராயஸ் மரியாதையாகக் கேட்டார்.

ஹுசைன் கொஞ்சம் யோசித்தார். "இல்ல சேர். அல்லாட காவல்ல எல்லாரும் ஊட்டுல ஈக்கிறாங்க."

"தூரத்துச் சொந்தம்?"

"தூரத்துச் சொந்தமெல்லாம் காணாமப் போனா நல்லம் சேர். ஆனா ஒருத்தரும் போறாங்கல்ல."

மொராயஸ் ஏமாற்றமடைந்தார். ஒத்துழைப்பு இல்லாத சமூகங்களோடு நல்லிணக்கம் செய்வது எவ்வளவு சிரமம் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஹுசைன் எழும்பும்போது கடைசி வாங்கைக் காட்டி என்னிடம் கேட்டார்.

"என்ன மாஸ்டர், இந்தப் பொம்புளைக்கி ஒரு பேரத்தானே செல்லோணும்? அதுக்கு என்னத்துக்கு இவ்வளவு பேரு? நான் கடையில நிண்டு செல்றன்."

சொன்னபடி செய்தார். மறுநாள் காலையில் இமெல்டா கூடையோடு போனபோது, கடை நிறைய ஆட்கள் இருக்க, ஹுசைன் உள்ளே பார்த்துக் கத்தினார்: "கிருபாகரன்ட உம்மா வந்தீக்கிறாங்க, இடியப்பத்த எறக்குங்க." அதற்கடுத்த நாளும் அப்படியே. இமெல்டா கூடையை இறக்கிவிட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கத் தொடங்கினார், இன்னொரு தரம் சொல்வாரோ என்று.

செய்தி மன்றத்துக்கு வந்தது. ஒரு தேநீர்க்கடை, மன்றத்தின் பரிசீலனையில் உள்ள ஒரு பெயரை, ஒருதலைப்பட்சமாகப் பயன்படுத்துவது கவலைக்குரியது என்று மொராயஸ் சொன்னார். அடுத்த வெள்ளி பெட்டிஸ் வேறு கடையிலிருந்து வந்தது. என் ஞாபகத்தில், மன்றம் எடுத்த ஒரே தெளிவான நிலைப்பாடு அதுதான். புதிய பெட்டிஸுக்குள் உருளைக்கிழங்கு மட்டும் இருந்தது.

பிறகு மாநாடு வந்தது. தலைப்பு, 'காணாமையும் மனித மாண்பும்: சில பார்வைகள்'. மேடையில் குத்துவிளக்கு, பின்னால் ஆளுயரப் பதாகை. இமெல்டாவை அழைத்து மேடையில் நடுவிலே, நன்றியுரையை வழிமொழிய இருந்த எனக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். அவருக்கு முன்னால் இருந்த அட்டையில் 'ஒரு தாய்' என்று எழுதியிருந்தது. மற்ற அட்டைகளில் எல்லாம் பெயர் இருந்தது, பட்டமும் இருந்தது.

இமெல்டா சேலை மாற்றி, மகனின் படத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். பேச விடுவார்கள் என்று நினைத்திருந்தார். பேராசிரியர் கொரேரா காணாமை என்பது ஒரு விதமான பிரசன்னம் என்று நிறுவினார். அதற்குப் பிறகு கொள்ளுப்பிட்டியிலிருந்து வந்த ஒருவர், செயற்கை நுண்ணறிவு விரைவில் எல்லோரையும் எங்கிருந்தாலும் கண்டுபிடித்துவிடும், அது நமது தனிமனித உரிமைக்கு எவ்வளவு பெரிய ஆபத்து என்று விளக்கினார். இமெல்டா என் பக்கம் சரிந்து, "அண்ணன், அந்த மிஷின் எங்க கிடைக்கும்?" என்று கேட்டார். நான் தெரியாது என்றேன்.

நேரம் போதாததால் இமெல்டாவுக்குப் பேச்சு இல்லை. பதிலாக ஒரு நினைவுச்சின்னம் கொடுத்தார்கள். கண்ணாடியில் செய்த ஒரு பெரிய கண். மன்றத்தின் சின்னம் அது. படம் எடுக்கும்போது, "கொஞ்சம் சிரியுங்கோ" என்று யாரோ சொன்னார்கள். இமெல்டா கண்ணைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தப் படம் மன்றத்தின் சஞ்சிகையான 'பார்வை'யின் அட்டையில் வந்தது. உள்ளே அவருடைய பெயர் எங்கேயும் இல்லை, மகனுடையதும் இல்லை.

ஒக்டோபர் கடைசியில் மன்றாட்டு தயாராகிவிட்டது. தமிழ், சிங்கள, ஆங்கில உபகுழுக்கள் மூன்றும் கையெழுத்து வைத்த வாசகம் ஞாயிற்றுக்கிழமை வாசிக்கப்பட்டது.

"எல்லா இடங்களிலும், எல்லாக் காலங்களிலும், எந்தக் காரணத்தினாலும், இருக்கின்ற, இருந்த, இல்லாதிருக்கின்ற அனைவருக்காகவும், அவர்களைப் பொறுப்பேற்றுள்ள அதிகாரிகளின் நல்வாழ்வுக்காகவும் ஆண்டவரை மன்றாடுவோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்றது சனம்.

பூசை முடிந்து வாசலில் இமெல்டா மொராயஸை மறித்தார். "சேர், கிருபா எங்க?"

"அதுக்குள்ளதான் இருக்கிறார் இமெல்டா. வடிவாக் கேட்டிருந்தா விளங்கியிருக்கும். ஒருத்தரையும் வெளிய விடேல்ல."

இமெல்டா யோசித்துக்கொண்டே போய்ப் பங்குப் பணிமனையின் படியில் இருந்தார். அங்கே வேலை செய்கிற டிலக்ஷி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் மழைக்கு ஒதுங்கியதால் அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

"அன்ட்டி, நான் ஒண்டு சொன்னா கோவிக்கக் கூடாது. வாற கிழமை ஆத்துமாக்களின்ட திருநாள். இறந்தவங்கட பேரெல்லாம் பின்னேரப் பூசையில வாசிப்பாங்க. அதுக்கு மன்றத்துக்குப் போகத் தேவையில்ல. ஒருத்தரும் பாக்கிறதில்ல. குடுக்கிறத அப்பிடியே வாசிப்பாங்க, சொந்தபந்தமெல்லாம் சேத்து."

"என்ட பிள்ளையை இறந்தவங்களோட போடச் சொல்லுறியே?"

"இல்ல அன்ட்டி. பேர் கேக்கோணும் எண்டுதானே ஆசைப்பட்டீங்க. அதுக்குத்தான்."

இமெல்டா தண்ணீரைக் குடிக்காமல் திருப்பிக் கொடுத்தார். ஆனால் எழும்பிப் போகவில்லை. மழை விட்ட பிறகும் இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணன், பேப்பர்ல மரண அறிவித்தல் போடுற மாதிரி எழுதத் தெரியுமோ?"

தெரியாமல் என்ன. இந்த வயதில் நான் பேப்பரில் முதலில் படிப்பது அதைத்தான். எங்கள் மரண அறிவித்தலுக்கு என்று ஒரு முறை இருக்கிறது. செத்தவரின் சொந்தக்காரர் எல்லோருடைய பெயரும் அதில் வரும். அவர்களில் ஏற்கெனவே போனவர்களுடைய பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவோம். உயிரோடு இருக்கிறவர்களுக்கு வெறும் பெயர். ஆர் இருக்கிறார், ஆர் இல்லை என்று ஊர் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும்.

இமெல்டா சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் என்ன எழுதினேன் என்று எனக்கு விளங்கியது. டிலக்ஷி வாங்கி வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அன்ட்டி, இது நீங்கதானே?"

"ஓம்."

"நீங்க உயிரோடதானே இருக்கிறீங்க?"

"அதைச் சோதிக்க மன்றம் இருக்கோ?"

"இல்ல அன்ட்டி. இறந்தவங்களை ஒருத்தரும் சோதிக்கிறதில்ல."

"அப்ப போடு பிள்ளை."

ஆத்துமாக்களின் திருநாளன்று கோயில் நிறைந்திருந்தது. சுற்றிவர மெழுகுதிரிகள். முன்வாங்கில் மொராயஸும் கொரேராவும் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு முழந்தாளில் நின்றார்கள். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. அந்தோனிமுத்து வந்தார், ரெஜினா வந்தார், பழைய ஸ்டேஷன் மாஸ்டர் வந்தார். நான் கடைசி வாங்கில் இமெல்டாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவருடைய கை வாங்கின் விளிம்பைப் பிடித்திருந்தது.

"காலஞ்சென்ற சூசைமுத்துவின் அன்பு மனைவியும், கிருபாகரனின் பாசமிகு தாயாருமான இமெல்டா."

ஒலிபெருக்கி நன்றாக வேலை செய்தது. அந்தப் பெயர் கூரையில் பட்டு, ஒழுகுகிற இடத்தால் வெளியே போயும் கேட்டிருக்கும். காலஞ்சென்ற என்ற சொல் தகப்பனோடு நின்றுவிட்டது. மகனுக்கு முன்னால் ஒன்றும் இல்லை.

"நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே," என்றது சனம். இமெல்டாவும் தனக்காகச் சேர்ந்து சொன்னார். பூசை முடிந்ததும் நேரே ஹுசைன் கடைக்குப் போய் ஒரு பணிஸ் வாங்கித் தின்றார். எனக்குத் தெரிந்த காலத்தில் அவர் எதையாவது பசியோடு தின்றதை நான் பார்த்தது அன்றுதான்.

அத்தோடு இந்தக் கதையை நிறுத்தியிருக்கலாம். மன்றம் நிறுத்தவில்லை.

மொராயஸ் உண்மையிலேயே கலங்கிவிட்டார். மன்றத்தின் மேடையில் இருந்த ஒரு தாய் இறந்துவிட்டார். ஒழுங்கைக்குப் போய்ப் பார்க்க அவருக்கு நேரமில்லை. ஆனால் அனுதாபத் தீர்மானம் ஒன்று அன்றே நிறைவேறியது. இறந்தவர்களைப் பற்றிப் பேசுவதில் அரசியல் இல்லை என்பதால் விவாதம் இருக்கவில்லை. அவர் உயிரோடிருப்பதாக நான் சொன்னேன். அது என்னுடைய தனிப்பட்ட பார்வை என்று பதிந்துகொண்டார்கள். அடுத்த 'பார்வை'யில் ஒரு முழுப்பக்கம் வந்தது. அம்மையார் என்று எழுதினார்கள். நீதிக்காகப் போராடிய வீரத்தாய் என்று எழுதினார்கள். பெயரை முழுதாகப் போட்டார்கள், மகனின் பெயரையும் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை இமெல்டா சஞ்சிகையைக் கையில் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தார். கொரேரா கையிலிருந்த உருளைக்கிழங்குப் பெட்டிஸைத் தட்டில் வைத்தார். மொராயஸ்தான் முதலில் சுதாரித்தவர்.

"இமெல்டா, மன்றத்தின்ட ஆழ்ந்த அனுதாபங்கள்."

"வாசிச்சனான் சேர். நல்லா எழுதியிருக்கிறியள். ஆனா இதுல காலஞ்சென்ற கிருபாகரன் எண்டு கிடக்குது."

"அது ஒரு சின்னத் திருத்தம். கோயில்ல வாசிச்சதில அந்தச் சொல் விடுபட்டுப்போச்சு. பேராசிரியர்தான் கவனிச்சுப் போட்டவர்."

"அதை வெட்டுங்கோ சேர். நான் செத்ததாவே இருக்கட்டும். எனக்கு அதில ஒண்டுமில்ல. அவனுக்கு முன்னால இருக்கிறதை மட்டும் வெட்டுங்கோ."

மொராயஸ் கொரேராவைப் பார்த்தார். கொரேரா விதிகளைப் பார்த்தார். இறந்தவரைப் பற்றிய குறிப்பைத் திருத்துவதானால், இறந்தவரின் சார்பில் நெருங்கிய உரித்தாளர் ஒருவர் நேரில் வந்து கேட்க வேண்டும்.

"நான் வந்திருக்கிறன்தானே."

"நீங்கதான் இறந்தவர்," என்றார் மொராயஸ், கடன் கேட்டவரிடம் பேசும் அதே பரிவோடு. "உங்கட விஷயத்தில நீங்களே கேட்டா அது பக்கச்சார்பாப் போயிடும். நெருங்கிய உரித்தாளர் ஆர்?"

"மகன்."

"வேற?"

"வேற ஆருமில்ல சேர்."

"அப்ப, மகன் நேரில் வர வேண்டும் என்று முன்மொழிகிறேன்," என்று சொல்லிவிட்டு மொராயஸ் என்னைப் பார்த்தார்.

நான் வழிமொழிந்தேன். அந்த மண்டபத்தில் நான் மனமார வழிமொழிந்தது அந்த ஒன்றைத்தான்.

இமெல்டா சஞ்சிகையை மடித்து இடியப்பக் கூடைக்குள் வைத்தார்.

"அதுக்குத்தான் சேர் நான் முதல் நாளே வந்தனான்."